துயிலிடத்துத் தூசும் தொய்வு நோயும்

தூசு என்றதும் எம்மவர் நினைப்பது தெருப் புழுதியையே. சோளகம் பெயர்ந்துவிட்டால் கரவெட்டித் தோட்டவெளிகளின் மண் எழுந்து, யன்னற் படிகளிலும் புத்தக அடுக்குகளிலும் படிவதை யாவரும் அறிவோம். அப்புழுதி கண்ணை உறுத்தும், தும்மலை எழுப்பும். ஆயினும் நள்ளிரவிலே ஒரு பிள்ளையை எழுப்பிக் குந்தவைத்து மூச்சுக்குத் தவிக்கச் செய்யும் தூசு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்ததன்று. அப்பிள்ளையின் தலையணைக்குள்ளேயே உண்டாவது. தொய்வு என்றும் முட்டு என்றும் நாம் வழங்கும் ஆஸ்துமாவுக்கும் இத்தூசுக்கும் உள்ள உறவு யாது, அதனைக் குறைக்க எம் வீடுகளில் எது பயன் தரும், எது வீண் செலவு என்பவற்றை இங்கே நோக்குவாம்.

நாம் வைத்தியரல்லேம், தமிழ் கற்பிப்போம். எனினும், முதலாம் பாடவேளையிலே கண் செருகும் மாணவனைக் கடிந்துகொள்ளுமுன், அவன் இரவு உறங்கினானா என்று வினவுங் கடமை ஆசிரியர்க்குண்டு. அவ்வினாவே எம்மை இப்பொருளிற் புகுத்தியது.

வீட்டுத் தூசு மூச்சிழுப்பை உண்டாக்கும் என்பது வைத்திய உலகம் நெடுங்காலமாக அறிந்ததே. ஆனால் தூசிலுள்ள எப்பொருள் அதைச் செய்கிறது என்பது புலப்படாதிருந்தது. 1964ஆம் ஆண்டிலே நெதர்லாந்து தேசத்து லெய்டன் நகரில் வூர்ஹோர்ஸ்ற், ஸ்பீக்ஸ்மா என்னும் அறிஞர்களும் அவர்தம் குழுவினரும் அதற்கு விடை கண்டனர். தூசிலே வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியே காரணமென அவர்கள் காட்டினர். அது சிலந்திக்கு உறவான எட்டுக்கால் உயிர், ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்களவினது, வெறுங்கண்ணுக்குத் தோன்றாதது. அது கடிப்பதுமில்லை, குருதி உறிஞ்சுவதுமில்லை. எம் உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோற்செதில்களே அதன் உணவு. தீமை செய்வது உண்ணியைக் காட்டிலும் அதன் எச்சமே. ஓருண்ணி நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 எச்சத்துணிக்கைகளை இடுகின்றது. அவற்றிலுள்ள புரதம் மூச்சோடு உட்செல்ல, ஒவ்வாமையுடையோரின் மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்குகின்றன. வெப்பவலய நாடுகளிலே புளோமியா திரோப்பிக்காலிஸ் என்னும் வேறோர் இனமும் பெருகி வாழ்கின்றது.

இவ்வுண்ணி நீர் குடிப்பதில்லை; காற்றிலுள்ள ஈரத்தையே உடலில் ஈர்த்து வாழும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு ஐம்பதின் கீழ் நெடுநாள் நிற்குமாயின் உலர்ந்து மடியும். குளிர்நாட்டார் இதனைத் துணைக்கொண்டு அறைக்காற்றை உலர்த்த முயல்வர். கடல் சூழ்ந்த எம் குடாநாட்டிலோ அது ஆகிற காரியமன்று. வாடைக்காலத்திற் சொல்லவும் வேண்டா. ஆதலின் காற்றோடு போராடுவதை விடுத்துப் படுக்கையையே நாம் கவனித்தல் வேண்டும்.

முன்னாளிலே எம் வீட்டார் பனையோலைப் பாயை விறாந்தையில் விரித்துறங்கினர். விடிந்ததும் அதனை உதறிச் சுருட்டி நிறுத்தினர். அப்பாயிலே உண்ணி ஒளிந்துறைய ஆழமில்லை. இன்று தும்பு மெத்தை, இலவம்பஞ்சு மெத்தை, றப்பர் மெத்தை எனத் தடித்த படுக்கைகளும், நுளம்புக்கு அஞ்சி மாலையிலேயே சாத்தப்படும் யன்னல்களும் வந்துவிட்டன. ஆண்டுக்கணக்காக மாற்றப்படாத தலையணையில் தோற்செதிலும் வியர்வையீரமும் உடற்சூடும் ஒருங்கே கிடைக்கின்றன. உண்ணிக்கு இதனினும் சிறந்த வளமனை வேறுண்டோ? பழமை யாவும் நன்றென நாம் கூறவில்லை. ஓலைக்கூரையும் விறகடுப்புப் புகையும் எத்தனையோ பேரின் மார்பை வருத்தியவையே.

இனிப் பரிகாரம். எம் பாட்டிமார் தலையணைகளை முற்றத்து வெயிலிற் காயவைத்தது வெறும் வழக்கமன்று. நேர் வெயிலிற் போடப்பட்ட கம்பளங்களிலிருந்த உண்ணிகள் யாவும் மடியக்கூடும் என்பதை அவுஸ்திரேலிய ஆய்வாளர்களான தோவி, வுல்கொக் என்போர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆனால் இங்கொன்று நோக்கற்பாலது. வெயில் உண்ணியைக் கொல்லுமேயன்றி எச்சத்தை அழிக்காது. காயவைத்ததைத் தட்டி உதறவும் வேண்டும். உறைகளையும் விரிப்புகளையும் கிழமைக்கொருமுறை தோய்க்கவும் வேண்டும். தட்டும் வேலையை நோயாளியிடம் விடலாகாது. தண்ணீரிலே தோய்த்தால் எச்சத்திற் பெரும்பகுதி கழுவுண்டு போகும், உண்ணிகளோ பிழைத்துக்கொள்ளும். 55 பாகை சென்றிகிறேட்டுக்கு மேற்பட்ட வெந்நீரில் அவையும் மாளும். வெந்நீருக்கு வசதியற்ற வீட்டிலே தோய்த்தலும் நல்ல வெயிலும் ஒன்றுக்கொன்று துணையாகும். தடித்த மெத்தையினுள்ளே வெயிற்சூடு இறங்காதாதலால், அதற்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த துணியுறையை நாற்புறமும் மூடியிடுதலே தக்கது.

இத்தகைய உறைகளின் பயன் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2008ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த கெற்சே, யொஹான்சன் ஆகியோர் 50க்கு மேற்பட்ட பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கி, உண்ணியொழிப்பு முறைகளால் ஆஸ்துமா தணிந்தமைக்குச் சான்றில்லை என்றனர். 2017இல் வெளியான மன்செஸ்ரர் ஆய்வோ, உண்ணியால் ஒவ்வாமையுற்ற 284 பிள்ளைகளை எடுத்துக்கொண்டது. ஓராண்டினுள் நோய் முற்றி வைத்தியசாலைக்கு வந்தோர், சாதாரண உறையிட்டோரில் நூற்றுக்கு 42 பேரளவினர். உண்ணி புகா உறையிட்டோரில் 29 பேரளவினர். இரண்டையும் ஒருங்கே நோக்குமிடத்து, ஒவ்வாமை உறுதியான பிள்ளைக்கு உறை பயன்படலாம், எல்லா வீட்டுக்கும் அது வேண்டுவதில்லை என்றே நாம் கொள்கின்றோம். விலையுயர்ந்த தூசிழுக்கும் பொறிகளுக்கும் தெளிமருந்துகளுக்கும் கடன்படுவது எவ்வாற்றானும் தகாது.

ஒவ்வாமை தரும் பிறவும் உள. கரப்பான் பூச்சியின் எச்சம் அவற்றுள் ஒன்று. இரவிலே எச்சிற் பாத்திரங்களைக் கழுவி வைப்பதும் உணவை மூடிவைப்பதும் அதற்கு மருந்து. மாரியில் ஒழுகிய சுவரிலும் அலுமாரிப் பின்புறத்திலும் படியும் பூஞ்சணம் மற்றொன்று. பழம்பதிப்புகளைத் திறந்ததும் தும்முகின்ற தமிழன்பர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா! பூனை நோயாளியின் படுக்கையில் ஏறலாகாது. நுளம்புத்திரிப் புகையும் சாம்பிராணிப் புகையும் ஒவ்வாமைப் பொருள்கள் அல்லவாயினும், புண்பட்ட மூச்சுக்குழலை மேலும் உறுத்துவன; நுளம்புவலை அவற்றினும் நன்று.

இத்தனையும் செய்தாலும் மருந்தை விடலாகாது. இன்ஹேலர் பழகிவிடும், அதனை ஒருமுறை தொட்டால் ஆயுள் முழுதும் விடாது என்னும் அச்சம் எம்மூரில் இன்னும் உண்டு. பெண்பிள்ளையாயின், நாளைக்குக் கலியாணம் பேசும்போது கதை வருமென்று மறைப்போரும் உளர். மூச்சோடு இழுக்கும் மருந்து வேண்டிய இடத்துக்கே நேரே செல்வதால் மிகச் சிறிய அளவே போதும். வைத்தியர் நாள்தோறும் எடுக்கச் சொன்னதை, இழுப்பில்லாத நாளிலும் எடுத்தல் வேண்டும். உதடு நீலம்பாரித்தாலோ, ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல இயலாது மூச்சு முட்டினாலோ, கைவைத்தியம் பாராது உடனே மந்திகை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

ஆசிரியர்க்கும் மாணவத் தலைவர்க்கும் ஒரு சொல். வகுப்பறை கூட்டும் முறையிலே தொய்வுடைய மாணவன் பெயர் வருமாயின், அவனுக்குப் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடும் பணியைக் கொடுக்கலாம். தும்புத்தடி எழுப்பிய தூசின் பெரும்பகுதி தணிய அரைமணி நேரம் செல்லும். ஆதலின் காலை மணிக்குச் சற்றுமுன் கூட்டுவதிலும், பள்ளி விட்டபின் யன்னல்களைத் திறந்துவைத்துக் கூட்டுவதே நன்று. கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கலாம்.