தட்டம்மை இறங்கிய பிறகு மூளைக்கு வரும் ஆபத்து

கோல சிலாங்கூர், பத்தாங் பெர்சுந்தை, சபாக் பெர்ணம் பக்கத் தோட்டங்களில் பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால் "அம்மா வந்திருக்கு" என்பார்கள். வாசலில் வேப்பிலை, மூன்றாம் தண்ணி, "அதோட சரியாப் போச்சு". பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகித்தான் போகிறது. சிலருக்கு மட்டும் இந்தச் சம்பாக் நோய் மூளையைத் தாக்குகிறது. ஆசிரியர்கள் அறிய வேண்டிய வகைகள் இரண்டு.

முதலாவது, மூளை அழற்சி. தட்டம்மை கண்ட ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு, பெரும்பாலும் தடிப்பு தோன்றிய ஒரு வாரத்துக்குள் வரும். இறங்கின காய்ச்சல் திரும்ப ஏறும். தலைவலி, வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இருக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் டாலின் மகள் ஒலிவியா 1962-இல் இதனால்தான் 7 வயதில் இறந்தாள். அவள் தேறி வருகிறாள் என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள்.

இரண்டாவது, எஸ்.எஸ்.பி.இ. இது அரிது, ஆனால் கொடியது. கிருமி மூளையில் பதுங்கியிருந்து, பெரும்பாலும் 6 முதல் 10 ஆண்டுகள் கழித்து வெளிப்படும். இரண்டு வயதுக்குள் தட்டம்மை கண்ட பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். கணக்குப் போட்டால் பிள்ளை பள்ளியில் படிக்கும் வயது. நன்றாகப் படித்தவன் மறக்கத் தொடங்குவான், குணம் மாறும், கையெழுத்து கெடும். பிறகு கை கால் திடீர் திடீரென வெட்டி இழுக்கும். "சோம்பேறி, விளையாட்டுப் புத்தி" என்று நாம் திட்டும் கட்டமும் இதுவே. இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை; பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். இந்தக் கட்டத்தில் இது மற்ற பிள்ளைகளுக்குத் தொற்றாது.

தடுப்பூசி ஒன்றே காவல். மலேசியாவில் தட்டம்மைத் தடுப்பூசி 1982-இல் வந்தது. இப்போது எம்.எம்.ஆர். ஊசி 9, 12 மாதங்களில் அரசாங்கக் கிளினிக்கில் இலவசமாகப் போடப்படுகிறது. ஊசி எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2019-இல் கிளந்தான், கோலா கோ பாத்தேக் மக்களிடம் பரவிய தட்டம்மை காட்டியது, உயிர்கள் போயின.

ஆகவே ஆசிரியர்களே, தோட்டம் மாறி வந்த பிள்ளையின் ஊசிப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஊசி விட்டுப்போயிருந்தால் கிளினிக்குக்கு அனுப்புங்கள். வேப்பிலை கட்டுவதை யாரும் தடுக்க வேண்டாம். "அம்மாவையும் கும்பிடுங்க, ஊசியையும் போடுங்க" என்றால் பெற்றோர் கேட்பார்கள். படிப்பு காரணமில்லாமல் சரிந்தால், திட்டுவதற்கு முன் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.