சரக்கு கப்பலேறும் முன்பே பையரிடம் எழுதி வாங்குங்கள்

திருப்பூரிலிருந்து பனியன் பெட்டிகள் தூத்துக்குடிக்குப் போகின்றன. இன்வாய்ஸில் ‘எஃப்.ஓ.பி. தூத்துக்குடி’ என்றிருக்கிறது. போன வருடத்து இன்வாய்ஸைப் பார்த்து அப்படியே அடித்தது. கப்பலுக்குக் காத்திருக்கும்போது கிடங்கில் மழைநீர் புகுந்து பெட்டிகள் நனைந்தால் நஷ்டம் யாருக்கு? ஏற்றுமதியாளருக்குத்தான். எஃப்.ஓ.பி.யில் சரக்கு கப்பலுக்குள் ஏறும்வரை பொறுப்பு விற்றவருடையது. அதுவரை நேரும் சேதத்துக்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டியவரும் அவரே. பலருக்கு இது பெட்டி நனைந்த பிறகுதான் தெரியவருகிறது.

எஃப்.ஓ.பி. போன்ற விதிகளை, அதாவது இன்கோடெர்ம்ஸை, 1936 முதல் வெளியிட்டுவருவது பன்னாட்டு வணிக சபை. இப்போது நடப்பிலிருப்பது 2020 பதிப்பு. அதிலுள்ள 11 விதிகளில் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். உட்பட 4 விதிகள் கப்பல், படகுப் போக்குவரத்துக்கு மட்டுமானவை. விமானச் சரக்குக்கு எஃப்.ஓ.பி. போடுவது தவறு. கன்டெய்னருக்கும் எஃப்.சி.ஏ.தான் பொருத்தம்: எழுதிய இடத்தில் பையரின் ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பும் முகவரிடம்) ஒப்படைத்ததும் பொறுப்பு கைமாறிவிடும். வங்கியின் எல்.சி.க்கு (கடன் உறுதிக் கடிதத்துக்கு) ‘கப்பலில் ஏற்றப்பட்டது’ என்ற குறிப்புள்ள பி.எல். (பில் ஆஃப் லேடிங்) வேண்டுமென்றால் அதற்கும் 2020 பதிப்பில் வழி இருக்கிறது. ஆனால் அதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். எந்த இடம், எந்தப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பணம் எப்போது வரும், சரக்கின் உரிமை எப்போது மாறும் என்பது பற்றி இன்கோடெர்ம்ஸ் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பையர் நியமித்த ஃபார்வர்டர் அசல் பி.எல். இல்லாமலேயே சரக்கை விடுவித்துவிட, பணத்துக்கு அலைகிறவர்கள் ஏராளம். எனவே பி.எல்.லில் பையர் பெயரை நேரடியாகப் போடாமல், ‘டு ஆர்டர்’ என்று வாங்குங்கள். பி.எல். தரும் ஃபார்வர்டர், 1993ஆம் ஆண்டின் பன்முகப் போக்குவரத்துச் சட்டத்தின்படி கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அசல் பி.எல். வராமல் சரக்கைத் தரமாட்டேன் என்று அவரிடம் கடிதம் வாங்குங்கள். பணம் வராமல் அசலை ஒப்படைக்காதீர்கள். எவ்வளவு பழகிய பையராக இருந்தாலும் ஒப்படைக்காதீர்கள்.

விமானத்தில் போனால் இந்தப் பிடிமானமும் இல்லை. ஏர்வே பில் உரிமை ஆவணம் அல்ல. வெளிநாட்டு வங்கியின் சம்மதத்தை முதலிலேயே வாங்கி, அதன் பெயருக்குச் சரக்கை அனுப்புவதே பாதுகாப்பு.

ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் இ.சி.ஜி.சி.யின் பாலிசி எடுத்தவர்களும் ஏமாறுகிறார்கள். பையர் திவாலானாலோ பணம் கட்டாவிட்டாலோ இழப்பீடு உண்டுதான். அதற்கு அந்தப் பையருக்கான கடன் வரம்புக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். பாக்கி நின்றால் பாலிசி சொல்லும் கெடுவுக்குள் தெரிவிக்க வேண்டும். சரக்கின் தரம் சரியில்லை என்று பையர் தகராறு செய்தால் அந்த நாட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு பெறாமல் பொதுவாக இழப்பீடு கிடைக்காது. ஆகவே, ஏற்றுவதற்கு முன்பு யார் தரச்சோதனை செய்வார், அவருடைய சான்றிதழே இறுதியா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வழக்காடுவது பெரும்பாடு. தகராறு வந்தால் நடுவர் மன்றம், அது எந்த ஊரில், எந்த நாட்டுச் சட்டப்படி என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையால், நடுவர் தீர்ப்பை இந்திய நீதிமன்றத் தீர்ப்பைவிட எளிதாகப் பல நாடுகளில் நிறைவேற்றலாம்.

ஏற்றுமதிப் பயிற்சி வகுப்புகள் பலவும் ஏற்றுமதி-இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் வாங்குவதோடு நின்றுவிடுகின்றன. அவற்றை நடத்தும் துறைகள் ஒப்பந்தம் எழுதவும் தமிழிலேயே சொல்லித்தர வேண்டும்.