பத்தடி ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர்?

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் டிவி தயாராகிறது. சாம்சங் ஆலை 2007-இல் வந்தது. டிவி மெலிய மெலிய அதன் சத்தமும் மெலிந்துவிட்டது. விரலளவு தடிமனுக்குள் வைத்த ஸ்பீக்கர் தரையைப் பார்த்துப் பேசினால் பாட்டு எப்படி இருக்கும்? அதனால்தான் ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் வாடகை வீட்டில் இருப்பவர்கள்கூட இப்போது நல்ல ஸ்பீக்கர் தேடுகிறார்கள். கடைக்குப் போனால் முதலில் காட்டுவது ஆளுயர டவர் ஸ்பீக்கர். அதை வாங்காதீர்கள் என்பேன். இந்த வீடுகளுக்கு ஸ்டாண்டின் மேல் வைக்கும் சின்னப் பெட்டிதான் சரி.

காரணம் அறையில் இருக்கிறது. இங்கே வாடகை வீட்டு ஹால் பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தோ பன்னிரண்டோ. மேலே கான்கிரீட் தளம், அதுவும் ஏறக்குறைய பத்தடி உயரத்தில். கீழே டைல்ஸ். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலி மாட்டிக்கொண்டு பெரிதாகும். பேஸ் கிடாரின் ‘ஏ’ கம்பியை விரல் வைக்காமல் தட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். ஆக, பாட்டில் அந்த ஒரு ஸ்வரம் வரும்போதெல்லாம் ஹால் ‘தும்’ என்று அதிரும். பக்கத்து ஸ்வரம் சாதுவாகப் போய்விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று பக்கத் தொல்லையும் ஒரே இடத்தில் சேரும். டவர் அந்த இடத்தில்தான் இன்னும் பலமாகத் தள்ளும். ஐந்தங்குல வூஃபர் உள்ள பெட்டியோ அந்த இடத்துக்கு வரும்போதே தணியத் தொடங்கிவிடும். குறைந்ததை அறையே கொஞ்சம் ஈடுசெய்யும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. பிபிசி 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. உயரம் ஓரடி. வேனுக்குள் உட்கார்ந்து குரல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் செய்தது அது. இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். நம் நாட்டிலும் கொல்கத்தாவின் சோனோடைன் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் 1970-இலேயே தொடங்கியது.

இனி ஸ்டாண்ட். இதில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். டிவி மேசையின் மேலேயே ஸ்பீக்கரை வைத்தால் மேசைப் பலகையும் சேர்ந்து பாடும், குரல் மந்தமாகும். உச்ச ஒலி தரும் ட்வீட்டர் காதுக்கு நேராக இருக்க வேண்டும். உச்ச ஒலி நேராகவே பாய்வது ஒரு காரணம். ட்வீட்டரும் வூஃபரும் சேர்ந்து தரும் ஒலி அந்த உயரத்தில்தான் ஒழுங்காகக் கலக்கும் என்பது இன்னொன்று. கணக்கு சுலபம். காதின் உயரத்தை அளந்து, பெட்டியின் அடியிலிருந்து ட்வீட்டர் இருக்கும் உயரத்தைக் கழியுங்கள். சோபாவில் காது 36 அங்குலத்தில், ட்வீட்டர் 9 அங்குலத்தில் என்றால் ஸ்டாண்ட் 27 அங்குலம். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து கேட்கும் வீட்டுக்கு 19 அங்குலம் போதும். கடையில் விற்கும் ஸ்டாண்டுகள் சோபாக்காரர்களுக்காகச் செய்தவை.

ஆனால் நீங்கள் இருப்பது கார், லாரி, புல்லட் எல்லாம் தயாராகும் ஊர். ஒரகடம் சுற்றிலும் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? மூன்றங்குலச் சதுர எம்.எஸ். பைப், அடியில் 8 மி.மீ. பிளேட், மேலே பெட்டியைவிடச் சற்றே சிறிய 5 மி.மீ. பிளேட். பைப்புக்குள் நன்றாகக் காயவைத்த மணலை நிரப்பி மூடச் சொல்லுங்கள். ஈர மணல் உள்ளிருந்தே துருவேற்றும். ஒரு ஸ்டாண்ட் ஏறக்குறைய 15 கிலோ வரும். தட்டினால் ‘டங்’ என்று ஒலிக்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்தக் கனம் ஒரு பாதுகாப்பும்கூட. பெட்டி வழுக்காமல் இருக்க நடுவே நாலு ரப்பர் துண்டு.

ஸ்டாண்டைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். மூலை வேண்டவே வேண்டாம். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டி என்றால் இந்த இடைவெளி இன்னும் அவசியம். இடமே இல்லையென்றால் ஓட்டையில் ஸ்பாஞ்சைச் செருகிப் பாருங்கள். டைல்ஸ் மேல் ஜமக்காளம் விரித்தால் கூர்மையான எதிரொலி கொஞ்சம் அடங்கும். பேஸ் அதற்கெல்லாம் மசியாது.

வாட்ஸ் கணக்கில் மயங்க வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் ‘1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் நொடிநேர உச்சக் கணக்கை மறந்துவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். 86 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் ஒரே வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தருகிறது. அதுவே உரத்த சத்தம். இந்த ஹாலுக்கு 40 வாட்ஸ் ஆம்ப் தாராளம். 3 டெசிபல் குறைந்த ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாட்ஸ் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் வூஃபரின் ஓரத்தைப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஃபோம் விளிம்பு சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் விளிம்பு தாங்கும்.

ஷிப்ட் வேலை நடக்கும் ஊரில் இன்னொரு விஷயம். நைட் ஷிப்ட் முடித்தவர் காலை பத்து மணிக்கு மாடி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். கான்கிரீட்டைத் துளைத்துப் போவது பேஸ்தான். சின்னப் பெட்டி அங்கேயும் நல்லது. மெதுவாக வைத்தால் பேஸ் குறைவதாகத் தோன்றுவது ஸ்பீக்கரின் குற்றமல்ல. நம் காது அப்படித்தான் என்று பெல் ஆய்வகத்தின் பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். ஆம்பில் ‘லவுட்னெஸ்’ பட்டன் இருப்பது இதற்காகத்தான்.

கடையில் அவர்கள் போடும் டெமோ பாட்டை நம்பாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான குரல் ஒன்று, மிருதங்கத்தின் இடந்தலை தெளிவாகக் கேட்கும் கச்சேரி ஒன்று, வயலின் கூட்டமும் பேஸும் சேரும் இசை ஒன்று (இளையராஜாவின் 1986 ‘ஹவ் டு நேம் இட்’ போதும்) போனில் கொண்டுபோங்கள். கூடவே ஹாலின் மூன்று அளவையும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போய், பிடிக்காவிட்டால் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.