முன்கூட்டியே தெரியும் முதுமை

புயல் எங்கே கரையைக் கடக்கும் என்பதைச் சில நாட்களுக்கு முன்புதான் கூற முடியும். ஆனால் ஓர் ஊரில் பத்தாண்டுகளுக்குப் பிறகு எத்தனை முதியோர் இருப்பார்கள் என்பதை இன்றே மதிப்பிடலாம். 2036இல் 60 வயதை எட்டப்போகிறவர்கள் 1976இலேயே பிறந்துவிட்டவர்கள் அல்லவா! அவர்களுள் உங்கள் பெற்றோரும் இருக்கலாம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் முதியோர். 2036இல் இது ஏறத்தாழ 21 ஆகும் என மத்திய அரசின் வல்லுநர் குழு மதிப்பிட்டுள்ளது. பிறப்பு குறைந்ததும் ஆயுள் கூடியதுமே இதற்குக் காரணங்கள்.

மரக்காணம் உப்பளக் கடற்கரையில் உள்ள அனுமந்தையை எடுத்துக்கொள்வோம். உப்பு விளைய வெயில் வேண்டும். அதே வெயில் முதியோருக்குப் பகை. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குகிறது. வியர்வை சுரப்பதும் குறைகிறது. எனவே உடற்சூடு எளிதில் தணிவதில்லை. தாகமே இல்லை என்று பாட்டி சொன்னாலும் அவர் உடலில் நீர் குறைந்திருக்கக்கூடும்.

மழைக்காலத்தில் வேறொரு சிக்கல். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல் இப்பகுதியில் பெருமழையைக் கொட்டியது. இத்தகைய வேளையில் ஒலிபெருக்கி அறிவிப்பு மட்டும் போதுமா? காது கேளாதவருக்கு அது எட்டாது. எட்டினாலும், நடக்க இயலாதவர் என்ன செய்வார்?

இங்கேதான் ஊராட்சியின் பணி தொடங்குகிறது. தனியே வாழும் முதியோர் யார், எழுந்து நடக்க இயலாதவர் யார், அவர்களை அழைத்துவரும் பொறுப்பு யாருடையது என்ற பதிவேடு முதல் தேவை. நிழற்பந்தல், குடிநீர், கைப்பிடியுள்ள படிகள் ஆகியவற்றை எங்கே அமைப்பது என்பதையும் அது காட்டும்.

இது கற்பனையன்று. கேரளத்தில் 2008ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பின், உள்ளாட்சிகளின் உதவியுடன் செவிலியர் படுக்கையில் இருப்போரின் வீடு தேடிச் செல்கின்றனர். ஜப்பானில் 2000 முதல் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை நகராட்சிகளே நடத்துகின்றன. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிற்கே கொண்டுவருகிறது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். உங்கள் தெருவில் உள்ளோரின் வயதைக் கேட்டு, பத்துப் பத்து வயதாகப் பிரித்து, வரைபடத்தாளில் பட்டைகளாக வரையுங்கள். பத்தாண்டுகளில் ஒவ்வொரு பட்டையும் ஒரு படி மேலேறும். இறப்பாலும் வெளியூர் செல்வதாலும் சற்றுக் குறையும். 50 வயதுப் பட்டையைப் பாருங்கள். அதுவே நாளைய முதியோர் பட்டை. அடுத்த கிராம சபைக்குச் செல்லும் பெரியவர்களிடம் அந்தத் தாளைக் கொடுத்தனுப்புங்கள்!