மோட்டாரில் ஒரு கீறல்

மோட்டார் வண்டியின் கதவில் நாலு அங்குல நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்து விட்டால், அன்றைய தினம் அந்த வீட்டில் காப்பி கூடக் கசக்கத்தான் செய்யும். குழந்தைகள் தனித் தனியே விசாரிக்கப்படுவார்கள். அடுத்த வீட்டு ஸ்கூட்டரின் மேல் சந்தேகம் விழும். பால்காரரின் சைக்கிள், தெருவிலே முதுகு சொறிந்து கொள்ளும் மாடு, கடைத் தெருவில் பக்கத்தில் நின்ற ஆட்டோ ரிக்ஷா எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏறும். இந்த விசாரணையில் நாம் தலையிடப் போவதில்லை. கீறலை என்ன செய்வது என்ற அடுத்த கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக் கொள்கிறோம்.

யோசனை சொல்லுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. "பற்பசையைத் தேய், போய் விடும்" என்பார் ஒருவர். "இன்ஷ்யூரன்ஸ் எதற்கு இருக்கிறது?" என்பார் இன்னொருவர். பட்டறைக்காரரோ கதவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து விட்டு, "முழுக் கதவையும் அடிச்சிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்" என்பார். மூவரும் பார்க்க மறந்த விஷயம் ஒன்று உண்டு. அது கீறலின் ஆழம்.

வண்டியின் மேலுள்ள வர்ணப் பூச்சு முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். இரண்டு தலை மயிரை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த கனம். இதற்குள்ளே நாலு அடுக்குகள். இரும்புத் தகட்டை ஒட்டினாற் போல், மின்சாரம் பாய்ச்சிய தொட்டியில் வண்டிக் கூட்டையே முழுக்கி எடுத்துப் படிய வைத்த துருத் தடுப்புப் பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத, கண்ணாடி போன்ற 'கிளியர் கோட்'. நாலில் பெரும்பாலும் கனமானது இந்தக் கடைசி அடுக்குதான்; சாதாரணமாக 40 அல்லது 50 மைக்ரான் இருக்கும். நிறமோ வெகு மெல்லியது.

முன்னாளில் இப்படி இல்லை. ஹென்றி போர்டின் 'மாடல் டி' வண்டி 1914 முதல் 1925 வரையில் கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. நிறம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தவர்களின் வண்டிகள், தூரிகையால் வார்னிஷ் பூசிக் காய வைக்கும் வேலையில் வாரக் கணக்காய்க் காத்துக் கிடந்தன. 1923-ல் டூபாண்ட் கம்பெனியாரின் 'டூக்கோ' என்னும் விரைவில் உலரும் வர்ணம், ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த ஓக்லண்ட் வண்டிகளுக்குப் பூசப்பட்ட பிறகே இந்தக் காத்திருப்பு தீர்ந்தது. நம் ஊர்ப் பெயிண்டர்கள் மர பீரோவுக்கு ஸ்ப்ரே அடிப்பதை இன்றும் 'டூக்கோ' என்று சொல்வது அதன் ஞாபகார்த்தம் போலும்!

இனி நம் கீறலுக்கு வருவோம். முதலில் அவ்விடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். பாதிக் கீறல்கள் கீறல்களே அல்ல. இடித்த வண்டியின் வர்ணம் நம் வண்டியில் ஒட்டிக் கொண்டதாகவே இருக்கும். பாலிஷ் கொண்டு தேய்த்தால் அது போய் விடும். தின்னரை ஊற்றித் தேய்ப்பது கூடாது. அது முன்பே பட்டறையில் அடித்த கதவாயிருந்தால், நம் வர்ணமும் சேர்ந்து இளகி வரும்.

துடைத்த பின்பும் கோடு தெரிகிறதா? அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஈரத்தில் மறைந்து, உலர்ந்ததும் திரும்பி வந்தால் கீறல் கிளியர் கோட்டோடு நின்று விட்டது என்று அர்த்தம். கீறிய பள்ளத்தில் வெளிச்சம் சிதறுவதால்தான் அது வெள்ளைக் கோடாய்த் தெரிகிறது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பியதும் சிதறல் நின்று விடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிக் கீறலை 'மாயமாய்' மறைக்கும் வித்தையின் ரகசியமும் இவ்வளவே. அடுத்தபடி, விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெள்ள இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்காமல் போனால் ரப்பிங் காம்பவுண்டும் மெல்லிய துணியும் போதும். பற்பசையும் ஒரு வகைக் காம்பவுண்டுதான். மயிரிழைக் கோடுகளுக்கு மேல் அதற்குச் சக்தி இல்லை. ஆனால் தேய்ப்பது என்றால் கிளியர் கோட்டைச் சீவி, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டு வருவது என்பதை மறக்கக் கூடாது. வருஷா வருஷம் பளபளப்புக்காகத் தேய்த்துக் கொண்டேயிருந்தால் ஒரு நாள் சீவுவதற்கு மிச்சம் இராது.

நகம் மாட்டிக் கொண்டு, பள்ளத்தில் சாம்பல் நிறமோ தகட்டின் மினுமினுப்போ தெரிந்தால் விஷயம் வேறு. நீளமாய்க் கண்ணை உறுத்தும் வெள்ளைக் கோட்டை விட, இரும்பு தெரியும் அரை அங்குலக் கீறல்தான் உண்மையான அபாயம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் துருவாக்குவதில் தாமதம் செய்வதில்லை. துருவுக்கு இரும்பை விட அதிக இடம் வேண்டும். ஆகையால் அது பக்கத்திலுள்ள நல்ல வர்ணத்தையும் அடியிலிருந்து கிளப்பிக் கொப்புளமாக்கி விடும். மழைக்காலம் தொடங்குமுன் அதை மூடியாக வேண்டும். பம்பரில் விழுந்த கீறலுக்கு இந்த அவசரம் கிடையாது. இக்காலத்துப் பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். எத்தனை மழை பெய்தாலும் துருப் பிடிக்காது.

மூடுவதற்கு முழுக் கதவையும் அடித்தாக வேண்டுமா? இங்கேதான் பட்டறைக்காரருடன் நாம் வேறுபடுகிறோம். தொழிற்சாலையில், கண்ணாடியும் ரப்பரும் பூட்டுவதற்கு முன்னால், வெறுங் கூட்டைச் சுமார் 140 டிகிரி சூட்டில் வாட்டி எடுத்த பூச்சு அது. பூட்டிய வண்டியை அந்தச் சூட்டில் வைக்க எந்தப் பட்டறையாலும் முடியாது. நல்ல பட்டறையின் அறையிலும் 60 டிகிரியோடு நிறுத்திக் கொள்கிறார்கள். அரை அங்குலக் கீறலுக்காகக் கதவு முழுவதையும் உப்புத்தாள் கொண்டு தேய்த்து, நன்றாயிருக்கும் பூச்சை இழப்பது என்ன லாபம்? நாளைக்கு வண்டியை விற்கப் போனால், வாங்க வருகிறவர் வர்ணத்தின் கனத்தை அளக்கும் சிறு கருவியைக் கதவில் வைத்துப் பார்த்து, "விபத்தா?" என்று கேட்பார்.

ஆகவே சிறு கீறலுக்கு 'டச்சப்' போதும் என்பது நமது அபிப்பிராயம். கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் வர்ணத்தின் குறி எண் இருக்கும். துருவைச் சுரண்டி, பிரைமரைத் தொட்டு வைத்து, நிறத்தைப் பல் குத்தும் குச்சியின் நுனியால் கொஞ்சங் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் உலர விட்டு நிரப்ப வேண்டும். அருகில் நின்று பார்த்தால் தெரியத்தான் தெரியும். மெட்டாலிக் நிறமானால் இன்னும் நன்றாய்த் தெரியும். இருந்தாலும் துரு வராது.

இன்ஷ்யூரன்ஸில் பணம் கேட்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய், பல வருஷம் கேட்காமலிருந்ததால் 50 சதவிகிதம் சலுகை, கட்டுவது 4,000. கீறலுக்குப் பட்டறையில் 5,000 என்று வைத்துக் கொள்ளுங்கள். 1500 சி.சி. வரையிலுள்ள கார்களுக்கு முதல் 1,000 ரூபாய் நம் கையை விட்டுத்தான் போக வேண்டும். எனவே கிடைப்பது மிஞ்சிப் போனால் 4,000. மறு வருஷம் சலுகை பூஜ்யமாகிறது. பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50 ஆகும். பிரீமியம் மாறவில்லையென்று வைத்தால், இந்த ஐந்து வருஷத்தில் கூடுதலாய்க் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400. ஆக மொத்தம் 10,000 ரூபாய்! வண்டிக்கு வயதாக ஆகப் பிரீமியம் குறையுமாதலால் தொகை சற்றுக் குறையலாம். சலுகையைக் காப்பாற்றித் தருவதற்கென்றே தனியாகப் பணம் கட்டியிருப்பவர்களுக்கும் கணக்கு வேறு. மற்றவர்கள் கதவும் மட்கார்டும் சேர்ந்து நசுங்கும் நாளைக்கென்று அந்தப் பாலிசியை வைத்துக் கொள்வதே நலம்.

கீறல் நீளமாயும் ஆழமாயும் இருந்து, டிங்கரிங், பட்டி எல்லாம் பார்த்துக் கதவை அடித்துத்தான் தீர வேண்டுமென்றால், வெயிலில் வெளுத்த பழைய வர்ணத்தோடு புது வர்ணம் பொருந்தும்படி அடுத்த தகட்டிலும் கொஞ்சம் இழையவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வர்ணத்தை இறுகச் செய்யும் ஹார்டனரில் ஐஸோஸயனேட் என்னும் ரசாயனம் உண்டு. அதன் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா உண்டாகிறது. மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக் கொண்டு திறந்த முற்றத்தில் நின்று ஸ்ப்ரே அடிக்கும் பையன்கள் அநேக ஊர்களில் இருக்கிறார்கள். கூலி சற்று அதிகமானாலும், அடிப்பவருக்கு வெளிக் காற்றைக் குழாய் வழியாய்க் கொடுக்கும் முகமூடியும் தூசி புகாத தனி அறையும் உள்ள பட்டறையாய்ப் பார்த்து வண்டியை விடுங்கள்.