கண்ணைத் திறந்தபடியே பத்து நிமிடம்

மனநோய்க்கு மகன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான், ஆனாலும் படபடப்பு மட்டும் அடங்கமாட்டேன் என்கிறது, தியானம் சொல்லிக் கொடுக்கலாமா என்று கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் எந்தத் தியானம், எவ்வளவு நேரம், யார் துணையோடு என்பதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

டாக்டர்கள் சைக்கோசிஸ் என்று சொல்லும் நிலை பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். ஆளில்லாத அறையில் குரல் கேட்கும். தெருவில் போகிறவர்களெல்லாம் தன்னையே பார்ப்பதுபோல இருக்கும். குரல் கேட்பது ஒன்று. கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்வது வேறொன்று. 'உன்னைத்தான் பேசுகிறார்கள்' என்று குரல் சொன்னதும் பையன் பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். ராத்திரி எழுந்து எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறான். குரலோடு மனசுக்குள்ளேயே வாதாடுகிறான். தூக்கம் கெட்டால் சந்தேகம் ஏறும். சந்தேகம் ஏறினால் தூக்கம் இன்னும் கெடும். மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற தியானப் பயிற்சி கைகொடுப்பது குரலுக்குப் பின்னால் வருகிற இந்தப் பதற்றத்தில்தான்.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் இதைப் பல வாரப் பயிற்சியாக அமைத்தார். அதில் தினமும் முக்கால் மணி நேரம்வரை உட்கார வேண்டும். தீராத வலியோடு வந்தவர்களுக்கு அது ஒத்துப்போனது. குரல் கேட்பவரை அவ்வளவு நேரம் மௌனத்தில் உட்காரவைத்தால் அந்த மௌனம் முழுக்கக் குரலே நிரம்பிவிடலாம். அந்தப் பயத்தால் டாக்டர்கள் பலர் தியானமே வேண்டாம் என்றார்கள். பிரிட்டனில் பால் சாட்விக் என்ற உளவியலாளர் பயிற்சியைக் கைவிடவில்லை, அளவை மாற்றினார். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம்தான். நீண்ட மௌனம் கிடையாது. நடத்துபவர் அடிக்கடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். சிறு குழுக்களில் இப்படிச் செய்துபார்த்ததை 2005இல் வெளியிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் படுகிற இடத்தைக் கவனிக்க வேண்டும். கண்ணை மூடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மூச்சு வருகிறது, போகிறது. குரல் வந்தால், 'வந்திருக்கிறது' என்று தெரிந்துகொண்டால் போதும். பதில் சொல்லவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். கவனத்தை மறுபடி பாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். சூடான டம்ளரைப் பிடித்திருக்கும் விரல்களையும் இப்படியே கவனிக்கலாம்.

இதனால் குரல் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் பயிற்சியையும் பேச்சு சிகிச்சையையும் சேர்த்துச் சாட்விக் குழுவினர் 108 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வந்தது. பொதுவான மன உளைச்சல் என்ற முக்கிய அளவுகோலில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. குரல் தரும் வேதனையும் மனச்சோர்வும் குறைந்தன. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் குரலால் வெகுகாலம் அவதிப்பட்டவர்கள். நோய் தொடங்கிய நிலையில் இருக்கும் இளைஞருக்கு அதையே அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் எனக்கு இந்தப் பயிற்சியில் நம்பிக்கை இருக்கிறது. மாத்திரைக்கு மாற்றாக அல்ல, மாத்திரையோடு.

பத்து நாள் மௌன முகாமுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். தூக்கமும் பேச்சும் குறைகிற இடம் இவர்களுக்கு ஆகாது. நோய் உச்சத்தில் இருக்கிற வாரங்களிலும் வேண்டாம். சிகிச்சை தருகிற டாக்டரிடம் சொல்லிவிட்டு, இந்தப் பயிற்சியில் பழக்கமுள்ள உளவியலாளர் துணையோடு ஆரம்பியுங்கள். வீட்டில் நீங்களும் பக்கத்தில் உட்காரலாம். முடித்ததும் 'குரல் போச்சா?' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே அவனுக்குப் பரீட்சையாகிவிடும்.

நடுவில் பயம் கூடினாலோ, உடம்பு தன்னுடையது இல்லாததுபோல இருந்தாலோ, அங்கேயே நிறுத்தி எழுந்து நடக்கட்டும், டாக்டரிடமும் சொல்லுங்கள். உன்னையோ பிறரையோ காயப்படுத்து என்று குரல் ஏவினால் தியானத்துக்கு அங்கே வேலையில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் திகைத்தால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416; தமிழிலேயே பேசலாம்.