சாவி எங்கே இருக்கிறது?

பாஸ்வேர்டுக்குப் பதிலாக வந்த பாஸ்கீ வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அது எங்கே குடியிருக்கிறது என்பதை. கூகுள் கணக்கிலோ ஆப்பிளின் ஐகிளவுடிலோ சேமித்த பாஸ்கீ, அதே கணக்கு உள்ள மற்ற போன்களுக்கும் போய்ச் சேரும். யூபிகீ போன்ற பாதுகாப்புச் சாவியில் சேமித்தது அந்தச் சாவியை விட்டு வெளியே வராது. ‘பாஸ்கீ எதுவும் இல்லை’ என்று திரை கைவிரித்தால், பெரும்பாலும் தேடும் இடம்தான் தப்பு.

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊராட்சிகளில் கணக்கு வழக்கு பார்ப்பவர்களுக்கு இந்த மாதிரிச் சாவி புதிதல்ல. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் நிதிக்குழு மானியத்தைப் பட்டுவாடா செய்ய, பென் டிரைவ் போன்ற டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கனைச் செருகித்தான் ஒப்புதல் தர வேண்டும். டிரைவர், கையொப்ப மென்பொருள், காலாவதியான சான்றிதழ் என்று அதன் தொல்லைகள் தனி ரகம். அந்தப் பழக்கத்தில் பாதுகாப்புச் சாவிக்கும் டிரைவர் தேடுவது வீண் வேலை. 2019 மார்ச்சில் வெப்ஆத்தன் என்ற இணையத் தரநிலை வெளியானது. அதன்படி சாவியோடு நேரடியாகப் பேச பிரவுசருக்கே தெரியும். பிரவுசர் மிகப் பழையதாக இல்லாமல் இருந்தால் போதும்.

போனில் சாவியைத் தொட்டும் அசையவில்லை என்றால், அந்த போனில் தொட்டுப் பேசும் என்எஃப்சி வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலை குறைந்த பல மாடல்களில் அது கிடையாது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் அதை ஆன் செய்து, திரையின் பூட்டையும் திறந்திருக்க வேண்டும். அடுத்தது தொடும் இடம். ஐபோனில் ஆன்டெனா மேல் விளிம்பில்; ஆண்ட்ராய்டில் பொதுவாக முதுகில், கேமராவை ஒட்டியோ நடுவிலோ. எட்டும் தூரம் சுமார் 4 செ.மீ.தான். உலோகத் தகடு பதித்த கவர், காந்த வளையம், கவருக்குள் செருகிய ஏடிஎம் கார்டு எல்லாமே குறுக்கே நிற்கும். கவரைக் கழற்றி, சாவியைப் படுக்கவைத்து, இரண்டு மூன்று விநாடி அசைக்காமல் பிடிக்க வேண்டும். தட்டிவிட்டு எடுத்தால் பாதியில் அறுந்துவிடும்.

என்எஃப்சி உள்ள யூபிகீ 5 வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. எந்தத் தளத்திலும் நுழைய முயலாமல், சும்மா போனின் ஆன்டெனா இருக்கும் இடத்தில் வைத்தால் ஓர் இணையப் பக்கம் திறக்கும். திறந்தால் சாவியும் ஆன்டெனாவும் நலம், கோளாறு வேறெங்கோ. 2024 முதல் வந்த, 5.7 ஃபர்ம்வேர் பதிப்புள்ள சாவிகள் புதிதாகப் பிரித்ததும் என்எஃப்சியில் உள்நுழைவுக்கு மட்டும் ஊமையாக இருக்கும். ஒருமுறை யுஎஸ்பியில் மூன்று விநாடி செருகி எடுத்தால் பேசத் தொடங்கும்.

சாவி கேட்கும் பின், போனின் பின் அல்ல. சாவிக்கென்று வைத்த தனி எண். மூன்று முறை தவறினால் கழற்றிச் செருக வேண்டும். மொத்தம் எட்டு முறை தொடர்ந்து தவறினால் பூட்டிக்கொள்ளும். பிறகு ரீசெட் ஒன்றே வழி. அதில் உள்ளிருக்கும் பாஸ்கீ அத்தனையும் அழியும். ஊகித்து ஊகித்து அடிப்பதை நான்காவது முறையிலேயே நிறுத்துவது நல்லது.

ஆலங்குடியிலோ கீரனூரிலோ ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்து, போனில் உள்ள பாஸ்கீயால் மெயிலைத் திறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். திரையில் க்யூஆர் கோடு வரும், போன் அதைப் படிக்கும், அதோடு நின்றுவிடும். அங்கே இருப்பது புளூடூத் இல்லாத மேசைக் கணினி. போன் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதைக் கணினி புளூடூத் வழியாகத்தான் உறுதி செய்கிறது. இரண்டிலும் அது ஆனில் இருக்க வேண்டும். பேரிங் செய்யத் தேவையில்லை. இரண்டுக்கும் இணையமும் வேண்டும். சில நூறு ரூபாய் புளூடூத் டாங்கிள் போதும். அப்போதும் ‘இந்தக் கணினியில் பாஸ்கீ உருவாக்கவா’ என்று கேட்டால், பொதுக் கணினியில் வேண்டாம் என்பதே பதில்.

அறந்தாங்கிப் பக்கமிருந்து சிங்கப்பூர் போனவர்களுக்கு ஊர் சிம்முக்கு வரும் ஓடிபி பெரிய தலைவலி. பாஸ்கீக்கு சிம்மே வேண்டாம். ஆனால் அங்கே புது ஆண்ட்ராய்டு போன் வாங்கியதும், பழைய போனின் ஸ்க்ரீன் லாக்கையோ கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் பின்னையோ கேட்கும். அது நினைவில்லாமல் பழையதை அழித்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டால் பாஸ்கீயும் போனதுதான். ஸ்க்ரீன் லாக் வைக்காத போனில் பாஸ்கீ தங்கவே தங்காது.

போனில் அழித்த பிறகும் தளம் அதே பாஸ்கீயைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது கோளாறல்ல. பாஸ்கீயின் மறுபாதி தளத்தில் பதிந்திருக்கிறது. வேறு வழியில் உள்ளே நுழைந்து, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அதை நீக்க வேண்டும். தொலைந்த சாவிக்கும் இதே முறைதான்.